ஜெபமும் மருந்தும்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்திற்குத் தெற்கில் இருக்கிறது காத்திவாக்கம். மீனவரும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்த ஊர். இத்தகைய ஊர்களில் ஜெபக் கூட்டங்கள் நடைபெறுவது புதிதன்று. அங்கு கூடுகிறவர்களில் பலர், தமக்கோ தம் குழந்தைக்கோ வியாதி நீங்கவேண்டும் என்ற ஒரே கோரிக்கையுடன் வருகிறவர்கள். கிறிஸ்தவரல்லாதாரும் வருவதுண்டு. போதகர் தலைமேல் கை வைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கிறார். சுகம் பெற்றதாக உணர்ந்தவர் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறார். இதைப் பரிகசிப்பது எளிது. ஆனால் பரிகாசம் நமது நோக்கமன்று.

இது முற்றிலும் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று எண்ணுவோர் உளர். 1906-ம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் பல தேசங்களுக்கும் பரவியது மெய்யே. எனினும் அதற்கு 46 வருஷங்களுக்கு முன்பே, 1860-ல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழரைச் சார்ந்து எழுந்த எழுப்புதலில் அந்நிய பாஷை பேசுதல் முதலிய அடையாளங்கள் காணப்பட்டன. பின்னர் 1920-களில், ராமன்குட்டி என்ற இயற்பெயருடைய மலையாளியான பாஸ்டர் பால் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். 1984-ல் தி பெந்தெகொஸ்தே மிஷன் என்று பெயர் மாறிய அந்த ஸ்தாபனத்தின் தலைமையிடம் இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் உள்ளது. அதன் ஊழியர்கள் விவாகம் செய்துகொள்ளாமல் விசுவாச வீடுகளில் கூடி வாழ்கின்றனர். தெய்வீக சுகத்தையே நம்பி மருந்தை விலக்குவது அவர்கள் கொள்கை. எல்லாச் சபைகளும் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல. ஜெபத்தோடு வைத்தியமும் செய்துகொள்ளலாம் என்று சொல்லும் சபைகள் பல.

ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடுகிறது. நெடுநேரம் வரிசையில் நின்றவனுக்கு வைத்தியர் முன் கிடைப்பதோ சில நிமிஷங்கள். ஜெபக் கூட்டத்திலோ அவனுடைய பெயரைக் கேட்கிறார்கள். வீட்டுக் கஷ்டத்தை விசாரிக்கிறார்கள். அவனுக்காக ஒருவர் கண்ணீர் விடுகிறார். குடியை விட்டுக் குடும்பத்தைக் காத்தவர்களும் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். இந்த ஆறுதலை இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆயினும் ஓர் அபாயத்தைச் சொல்லாமல் விடுவது நமது கடமையில் தவறுவதாகும். க்ஷயரோகத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண க்ஷயத்திற்கு இன்று ஆறுமாத மருந்து உண்டு. சர்க்கார் அதை இலவசமாகவே கொடுக்கிறது. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், இருமல் குறையும், பசி எடுக்கும். நோயாளி தாம் பிழைத்துவிட்டதாகவே உணர்வார். அந்த வேளையில் அவர் எழுந்து சாட்சி சொன்னால் அதில் பொய் எதுவுமில்லை; அவர் உணர்ந்ததைத்தான் சொல்லுகிறார். ஆனால் உடலுக்குள் கிருமி இன்னும் ஒழியவில்லை. சுகம் கிடைத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். அப்போது பழைய மருந்து பலிக்காமலும் போகலாம். ஒரே அறையில் படுத்துறங்கும் மனைவி மக்களையும் அது பிடிக்கும்.

க்ஷயரோகியை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது இதே சென்னைதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1956-ல் இங்கு நிறுவப்பட்ட க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியாரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துச் சோதித்தது. இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றே என்ற முடிவு 1959-ல் வெளியாயிற்று. இடைவிடாத மருந்தே பிரதானம் என்பது அதன் பாடம்.

கிறிஸ்தவ மதமே வைத்தியத்துக்கு விரோதியன்று. சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்று விவிலியமே சொல்லுகிறது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சை நிலையம், இன்று தேசமெங்குமிருந்து நோயாளிகள் நாடிவரும் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே ஜெபமும் நடக்கிறது. ரண சிகிச்சையும் நடக்கிறது. இரண்டும் சண்டையிட்டுக் கொள்ளவில்லை.

போதகர்களிடம் மட்டும் குற்றம் கண்டு நிறுத்திக்கொள்வதும் நியாயமாகாது. காத்திவாக்கத்தார் சுவாசிக்கும் காற்றைக் கெடுத்தது யார்? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரி எரித்தது. 2023 டிசம்பரில் முகத்துவாரமெங்கும் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவில், உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மனிதர் செய்த கேட்டுக்குக் கடவுளிடம் நிவாரணம் கேட்டு ஏழைகள் முழந்தாளிடுகிறார்கள். அந்தக் கோரிக்கைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் சர்க்காரும் ஆலை முதலாளிகளுமே.

ஆகையால் போதகர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. தலைமேல் கை வைத்து ஜெபியுங்கள், ஜெபம் முடிந்ததும், “இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாயா, அப்பா?” என்று கேளுங்கள். உங்கள் வாக்கை வேதவாக்காகக் கொள்ளும் ஜனங்கள் அதற்குக் கட்டாயம் செவிசாய்ப்பார்கள். சர்க்காருக்கும் நமது வேண்டுகோள் ஒன்றுண்டு. அந்த ஜனங்கள் கூலியை இழக்காமல் வந்து போகும்படி மாலை வேளையிலும் வைத்தியசாலையைத் திறந்து வையுங்கள். வருகிறவரின் பெயரைக் கேட்டு, உட்காரவைத்துப் பேசுங்கள். இவ்விரண்டும் நடக்குமாயின், காத்திவாக்கத்தில் சாட்சி சொல்ல எழுந்து நிற்போர் இன்னும் பலர் ஆவர். சொன்ன சாட்சி பொய்த்துப் போவதும் நேராது.