சேமநிதி வேறு, ஓய்வூதியம் வேறு

1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளியின் இபிஎஃப் கணக்கில் மாதம் 408 ரிங்கிட் சேர்கிறது. அவர் பங்கு 187, முதலாளி பங்கு 221. 10,000 ரிங்கிட் வாங்கும் நிர்வாகிக்குச் சேர்வது 2,300. இலாப ஈவு விகிதம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனாலும் சம்பளத்தில் இருந்த இடைவெளி முதுமைக்கும் கூடவே வருகிறது.

55 வயதில் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். வீட்டுக் கூரை, மகள் கல்யாணம் என்று அது கரைந்துபோனால் (குறை சொல்வதற்கில்லை, அவர் உழைத்த பணம்) பிறகு மாத வரவு கிடையாது.

சிங்கப்பூரின் சிபிஎஃப்பும் சொந்தச் சேமிப்புதான். ஆனால் போதிய சேமிப்பு உள்ளவர்களுக்கு அங்கே சிபிஎஃப் லைஃப் திட்டம் ஆயுள் முழுக்க மாதந்தோறும் பணம் தருகிறது. வாழ்நாளெல்லாம் குறைந்த வருமானத்தில் இருந்த முதியோருக்கு 2016 முதல் ‘சில்வர் சப்போர்ட்’ உதவித்தொகையும் உண்டு.

இங்கே கை வறண்டவர், 60 வயதுக்குப் பிறகு சமூகநல இலாகாவில் முதியோர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் வருமானத்தை விசாரித்த பிறகே கிடைக்கும்.