இணைய வகுப்பில் மாணாக்கர் மரபு

உட்லண்ட்ஸில் உள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சிக்கல் ஒன்றை முன்வைத்து அதன் வழியே பாடம் கற்பிக்கும் முறையால் அது பெயர் பெற்றது. மாணாக்கர் சிறு குழுக்களாகக் கூடி ஆராய்வர். கண்ட முடிவை வகுப்பின் முன் எடுத்துரைப்பர். பிறர் வினவ விடையிறுப்பர். ஆசிரியர் வழிகாட்டி நிற்பார்.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பாயிரம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் கற்பாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய பாதி. இருக்கச் சொன்னால் இருத்தல், சொல்லச் சொன்னால் சொல்லுதல் என அதே பாயிரம் வகுத்த பணிவை மாணாக்கர்க்கு நினைவூட்டுவோர் நம்மிற் பலர். இக்கணக்கை நினைவூட்டுவோர் மிகச் சிலர். இணைய வகுப்பில் உரையாடும் மரபை இக்கணக்கைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

கோவிட் நோய்த்தொற்றினால் 2020 ஏப்ரலில் சிங்கப்பூர் மாணாக்கர் வீட்டிலிருந்தே பயிலலாயினர். எழுத்தில் முகமும் குரலும் இல்லை. வகுப்பறையில் ஒருவன் புன்முறுவலோடு “ஏன்?” என்றால் அது ஆர்வம், திரையில் அதே ஒரு சொல் அதட்டலாகத் தோன்றும். முகம் செய்த வேலையைச் சொல்லே செய்தாக வேண்டும். தமிழில் அதற்கு வினைமுற்றே துணை. “குறிப்பை அனுப்பவும்” என்று ஆசிரியர்க்கு எழுதும் மாணவன், ஏட்டுநடை என்பதால் அதனை மரியாதை என்று எண்ணுகிறான். அதுவோ அலுவலகச் சுற்றறிக்கையின் ஆணை நடை! “அனுப்ப இயலுமா, ஐயா?” என்பதில் கேட்பவனும் தாழவில்லை, கேட்கப்படுபவர்க்கும் மனம் கோணாது.

பெயரும் வகுப்பும் குறிக்காமல் “கணக்கு விளங்கவில்லை” என்று எழுதினால் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்? “இரண்டாம் கணக்கில் மூன்றாம் வரி வரை வந்தேன், அதன்பின் வழி தெரியவில்லை” என்றால் விடை பாதி வந்தது போலத்தான்.

ஆசிரியரிடம் காட்டும் பணிவைவிட, உடன் பயில்வாரிடம் காட்டும் பண்பே இங்குப் பெரிது. வகுப்பறையில் எழுந்த சிரிப்பு மணியடித்ததும் மறையும். எழுத்தில் இட்ட ஏளனம் அழியாது, படமெடுத்துப் பிறர்க்கும் பரவும். ஏளனத்துக்கு ஆளானவன் அன்றோடு வாய் மூடுகிறான். பவணந்தியார் கணக்குப்படி அவன் முக்கால் பங்கை இழக்கிறான். அவனிடமிருந்து மற்றவர் பெறவிருந்ததும் போயிற்று. ஆதலின் ஆளை விட்டு வரியைச் சுட்டுதல் வேண்டும். “உனக்குத் தெரியாது” என்பதற்கு மாறாக “மூன்றாம் வரியில் 12 எவ்வாறு வந்தது?” என்று கேட்கலாம். எழுத்துப்பிழை போன்ற சிறு பிழையைத் தனியே தெரிவித்தால் போதும். வகுப்பு முழுவதையும் வழி தவறச் செய்யும் பிழையைப் பொதுவிலேதான் திருத்த வேண்டும்.

வகுப்பின் இணைப்பையும் கடவுச்சொல்லையும் வெளியாரிடம் தராமையும் இம்மரபில் அடங்கும். 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஸூம் வழி நடந்த புவியியல் பாடத்தில் அந்நியர் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினர். கல்வி அமைச்சு அச்செயலியின் பயன்பாட்டைச் சில நாள் நிறுத்திவைத்துப் பாதுகாப்பை இறுக்கிய பின்னரே மீண்டும் அனுமதித்தது.

ஆசிரியர்க்கும் ஒரு சொல் உண்டு. பாலத்துக்கு இப்பால், மலேசியாவில், 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, தோட்டத்து வீடுகள் பலவற்றில் கைப்பேசி ஒன்றே. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பின்னரே பிள்ளை கைக்குக் கிட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் வினாவை நேரந்தவறிய குற்றமாகக் கொள்ளற்க. காலையில் விடை எழுதினால் போதும். படக்கருவியைத் திறக்கத் தயங்கும் பிள்ளையையும் வற்புறுத்த வேண்டா. அந்த ஓர் அறையில்தான் அடுப்பும் தொட்டிலும் இருக்கக்கூடும்.