துல் கிராமமும் மாம்புரிக் கரையும்

வறுமையைப் பற்றி இளைஞருக்கென எழுதப்படும் நாவல்களுட் பல ஒரே தடத்திற் செல்வன. நோயுற்ற தாய், பசித்த பிள்ளைகள், இறுதி அத்தியாயத்திலே வந்து கண்ணீரைத் துடைக்கும் தனவந்தர். மாம்புரியிலே பாடஞ் சொல்லும் எனக்கு, கரைவலை இழுப்பவரின் மகனிடம் அத்தகைய நூலை நீட்டக் கூச்சமாயிருக்கிறது. அவன் வீட்டுக்குத் தனவந்தர் எவரும் வருவதில்லை.

அனிதா தேசாய் ஆங்கிலத்தில் எழுதிய ‘கடலோரக் கிராமம்’ என்று பொருள்படும் நாவலை நான் கூச்சமின்றிக் கொடுப்பேன். 1982இல் வெளியாகி, மறு ஆண்டில் கார்டியன் சிறுவர் இலக்கியப் பரிசைப் பெற்ற நூல் அது. கதை நிகழும் துல், மகாராஷ்டிரக் கரையில் உள்ள மெய்யான ஊர். தந்தை குடிகாரர், கடனுக்கு வள்ளமும் போயிற்று, தாய் படுக்கையில். பதின்மூன்று வயது லீலாவும் பன்னிரண்டு வயது ஹரியும் இரு தங்கையரைக் காக்க வேண்டும். ஹரி பம்பாய்க்குச் சென்று, உணவுக்கடையொன்றில் உழைத்து, அயலிலுள்ள முதியவரிடம் கடிகாரம் திருத்தப் பழகுகிறான்.

இங்கும் வசதி படைத்த குடும்பம் ஒன்று தாயை ஆஸ்பத்திரியிற் சேர்க்கிறது. அதனை மறைப்பது நேர்மையன்று. தீபாவளியன்று யாவும் சற்று எளிதிற் கூடிவிடுகின்றன என்பதும் என் குறை. ஆயினும் அவ்வுதவியினால் லீலாவின் வேலை நின்றுவிடவில்லை. நீர் சுமப்பது, சமைப்பது, அந்நியர் வீட்டைப் பெருக்குவது என்று அவளுடைய நாட்களை ஆசிரியை பொறுமையோடு பின்தொடர்கிறார். ஹரியின் பயணத்தைப் புகழ்வோர் பலர். எனக்கோ, எங்கும் போகமுடியாத லீலாவே பெரியவளாகத் தோன்றுகிறாள்.

துல்லுக்கு ஓர் உரத் தொழிற்சாலை வரப்போகிறது. மீனவர் பம்பாய் சென்று மறுப்புத் தெரிவிக்கின்றனர். இப்பகுதியை எம்மூர்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மாம்புரியிற் காற்றாலைகள் சுழலத் தொடங்கியது 2010இல். அயலூரான நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 2011இல். அந்நிலையம் பின்னர் 900 மெகாவாற்றாக வளர்ந்தது. தொழிற்சாலைக்கு வருவோரின் கடிகாரங்களைத் திருத்திப் பிழைக்கலாம் என்று ஹரி கணக்கிடுகிறான். கெட்டிக்காரத்தனமான கணக்குத்தான். ஆனால் ஹரி ஒருவனுக்குத்தானே கடிகாரம் திருத்தத் தெரியும்? வலையன்றி வேறறியாதவர் என்ன செய்வர்?

இதனை வகுப்பிலே விவாதிக்க விடலாம். மற்றொன்றையும் நான் கேட்பேன்: தம்பி தன் திட்டங்களோடு திரும்பிவிட்டான், லீலா இனி என்ன செய்யப்போகிறாள்? நாவல் அதனை விரித்துரைக்கவில்லை. மாணவியர் எழுதிப் பார்க்கட்டும்.