மூங்கில் வில்லுக்குப் பிறகு...

சில மாதங்களுக்கு முன்பு என் பேத்தியை அழைத்துக்கொண்டு சிறுவர்களுக்கான வில்வித்தைப் போட்டி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மூங்கில் வில் பிரிவில் போட்டியிட வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வில்லை நடுவர் வாங்கிப் பார்த்தார். கைப்பிடிக்குச் சற்று மேலே ஒட்டப்பட்டிருந்த விரல்நுனி அளவிலான கறுப்பு நாடாவை உரித்தெடுத்தார். "மூங்கில் பிசிறு குத்தாமல் இருக்க ஒட்டியதுங்க ஐயா, இதில் என்ன தப்பு?" என்று அவளது தந்தை கேட்டார். நடுவர் கடுமையாக நடந்துகொள்கிறார் என்றுதான் எனக்கும் அப்போது தோன்றியது.

பின்னர் விதிகளைப் படித்தபோது அவர் செய்தது சரி என்று புரிந்தது. எய்பவரின் கண்ணுக்கும் இலக்குக்கும் இடையே, வில்லின் மீது மாறாத ஒரு புள்ளி இருந்தால் போதும், அது குறிநோக்கியாகிவிடும். களத்தில் எல்லோரும் 'சைட்' என்று அழைக்கும் கருவி செய்யும் வேலையும் அதுவே. வில்லின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தில் மேலும் கீழும், இடமும் வலமும் நகரக்கூடிய ஒரு புள்ளி அல்லது சிறு வளையம். அம்பு இலக்குக்கு மேலே பாய்ந்தால் புள்ளியை மேலே நகர்த்த வேண்டும். இடப்புறம் பாய்ந்தால் இடப்புறம் நகர்த்த வேண்டும். தவறு எந்தத் திசையிலோ, திருத்தமும் அதே திசையில். தொலைவு கூடினால் புள்ளியைக் கீழே இறக்க வேண்டும்; அப்போது எய்பவர் தன்னையறியாமல் வில்லை உயர்த்திப் பிடிப்பார்.

இக்கருவி இல்லாதவர்கள் அம்பின் முனையையே புள்ளியாகக் கொண்டு, இவ்வளவு தொலைவுக்கு முனை இலக்கின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பழக்கத்தால் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். ஒரு துண்டு நாடா அந்த உழைப்பில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். குறிநோக்கியற்ற 'பேர்போ' பிரிவில், குறிபார்க்க உதவக்கூடிய அடையாளமோ கீறலோகூட வில்லின் உட்பகுதியில் இருக்கக் கூடாது என்று உலக வில்வித்தைக் கூட்டமைப்பு விதித்திருப்பதன் காரணம் இதுதான்.

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் 'ரிகர்வ்' பிரிவில் ஒரு குறிநோக்கிக்கு அனுமதி உண்டு. ஆனால் அதில் லென்ஸ் இருக்கக் கூடாது, ரசமட்டம் இருக்கக் கூடாது, ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்புள்ளிகள் இருக்கக் கூடாது. 'காம்பவுண்ட்' பிரிவிலோ உருப்பெருக்கும் லென்ஸ், கொத்தனார் வைத்திருப்பதைப் போன்ற ரசமட்டம், நாணிலேயே பொருத்தப்பட்ட துளை வளையம் ஆகிய அனைத்துக்கும் இடமுண்டு. மின்னணுக் குறிநோக்கிக்கு மட்டும் எங்கும் அனுமதியில்லை. 18 வயதுக்கு உட்பட்டோரின் உலகப் போட்டியிலும் இதே விதிகள்தாம். ரிகர்வில் பெரியவர்களுக்கு 70 மீட்டர், இவர்களுக்கு 60 மீட்டர். பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் இருவருக்குமே 12.2 சென்டிமீட்டர். தொலைவில் சலுகை காட்டும் விதி, கருவியில் எந்த வேறுபாடும் காட்டவில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் என் கவனம் இங்குதான் நின்றது. கருவி பற்றிய விளையாட்டு விதி ஒவ்வொன்றும் நுழைவுக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் விதியும் ஆகும். ஒரு குழந்தை மட்டும் விலையுயர்ந்த குறிநோக்கி வாங்கினால் அதற்கு நன்மை. எல்லோரும் வாங்கிவிட்டால் தரவரிசை பழையபடியே இருக்கும், செலவு மட்டும் எல்லாப் பெற்றோர் தலையிலும் ஏறியிருக்கும். திருமணச் செலவில் நாம் நாள்தோறும் காணும் போட்டிதான் இது. தடை விதித்தால் அந்தப் போட்டி நின்றுவிடும். நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியச் சுற்று' இருப்பதும், அதில் குறிநோக்கிக்கு இடமில்லாததும் இந்த வகையில் நல்ல ஏற்பாடு. கூலித் தொழிலாளியின் மகளும் மருத்துவரின் மகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வில்லோடு அங்கே நிற்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்தியச் சுற்று நம் எல்லைக்குள் முடிந்துவிடும் பிரிவு. ஒலிம்பிக்கிலும் ஆசியப் போட்டியிலும் அது கிடையாது. அதில் வென்ற சிறுமி மேலே செல்ல வேண்டுமானால், குறிநோக்கி பொருத்திய ரிகர்வ் அல்லது காம்பவுண்ட் வில்லுக்கு மாற வேண்டும். குறிநோக்கி மட்டுமே சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை போகிறது. பன்னாட்டுத் தரத்தில் முழுத் தொகுப்பும் வாங்க லட்சங்கள் வேண்டும். பத்து வயதில் விதி காத்துக்கொடுத்த சமத்துவம், பதினான்கு வயதில் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது.

தீபிகா குமாரியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ராஞ்சிக்கு அருகே ஆட்டோ ஓட்டுநரின் மகளாக வளர்ந்து, வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகியவர். 2006-இல் ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா வில்வித்தை அகாதெமியில் சேர்ந்த பிறகே முறையான கருவிகள் அவர் கைக்கு வந்தன. 2009-இல் சிறார் உலகப் பட்டம் வென்றார். திறமை முன்பே இருந்தது. இடையில் மாறியது, கருவியை யார் வாங்கித் தருவது என்பதுதான்.

எனவே, சிறுவர் பிரிவுகளிலும் குறிநோக்கியை அனுமதித்துவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் பதினான்கு வயதில் வரும் சுவர் பத்து வயதுக்கே இறங்கி வந்துவிடும். தவிர, புள்ளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை தோளையும் முதுகையும் நாணை விடும் விரல்களையும் மறந்துவிடும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுபுறம், ஆண்டுக்கணக்கில் அம்பு முனையைப் பார்த்துப் பழகிய கண், வளையத்துக்கு மாறத் திணறும் என்பதும் உண்மையே.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2002-இல் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டம் வேறு வழியைக் காட்டியது. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே வகை வில், ஒரே வகை அம்பு, தொலைவு 10, 15 மீட்டர், குறிநோக்கி கிடையாது. இதில் நான் முக்கியமாகக் கருதுவது, பள்ளியே ஒரு தொகுப்பு வாங்கி வைத்தால் மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்த முடியும் என்பதைத்தான்.

இந்த ஏற்பாட்டை நாம் ஒரு படி மேலே கொண்டுசெல்லலாம். மாவட்ட விளையாட்டரங்குகளில், நூலகத்தில் புத்தகம் தருவதைப் போலக் குறிநோக்கியுடன் கூடிய வில் தொகுப்புகளை இரவல் தரலாம். இந்தியச் சுற்றில் குறிப்பிட்ட புள்ளிகளை எட்டும் சிறுவர்க்கு ஓராண்டுக்கு ஒரு தொகுப்பு. குழந்தை வளர வளர அம்பின் நீளம் மாறும், வில்லின் கைகளை மாற்ற வேண்டியிருக்கும். குறிநோக்கி அப்படியல்ல. அதைப் பொருத்தும் திருகுத் துளைகள் பெரும்பாலான நவீன வில்களில் ஒரே அளவில் இருப்பதால், பத்திரமாக வைத்திருந்தால் ஒன்றே பல குழந்தைகளின் கைக்கு மாறலாம். முதலில் வாங்கி வைக்க வேண்டிய பொருளும் அதுவே.