வீட்டு வளவில் தாரா வளர்ப்பு

மாரி மழை தொடங்கிக் குளங்கள் நிரம்பும் காலத்திலே வளவுக் கோழிகள் கொட்டிலின் மூலையில் ஒடுங்கி நிற்கும். தாராவோ, அன்றுதான் தனக்கு நல்ல நாள் பிறந்ததென்று சேற்றில் இறங்கி உலாவும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் குளத்தையும் வயலையும் அண்டி வாழும் குடும்பங்களுக்கு இப்பறவை எத்துணைப் பொருத்தமானது என்பதை உணர இந்த ஒரு காட்சியே போதும். இரண்டு மூன்று தாராக்களை முட்டைக்காக வைத்திருப்பது எளிது. அவற்றைப் பெருக்கி, குஞ்சாகவும் முட்டையிடும் பருவத் தாராவாகவும் விற்றுக் கையிற் சிறிது பணம் காண்பது வேறு காரியம். அதில் முயன்று கைவிட்டோரும் உளர். அவர்கள் தோற்றது பெரும்பாலும் தாராவின் குற்றத்தால் அன்று, கணக்கின் குற்றத்தாலேயே ஆகும்.

உதாரணமாக, கணவன் கூலி வேலைக்குச் செல்லும் வீடொன்றிலே, பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் வேண்டிய பணத்தைத் தானே தேட விரும்பும் தாய் ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். அவளிடம் 5 பெண் தாராக்களும் 1 ஆண் தாராவும் இருக்கின்றன. இரண்டு அடைக்கோழிகளின் கீழ் 20 முட்டைகளை வைக்கிறாள். வைத்த அன்றே 20 தாராக்களும் முட்டையிடுவதாக மனத்திலே கணக்கிட்டு, கடையிலே தீனியைக் கடனாக வாங்கிவிட்டால், அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. சில முட்டைகள் கூழ்முட்டையாகும். சில குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே மடியும். காகமும் கீரியும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும். முடிவில் 12 தேறினால் அது நல்ல பேறு. அந்த 12இலும் ஏறக்குறைய பாதி ஆணாகவே இருக்கும். ஆக, 20 என்று எண்ணிய இடத்தில் முட்டையிடுபவை 6 மாத்திரமே.

ஒரு தாரா முட்டையிடும் பருவத்தை அடைவதற்கு, அதாவது ஏறக்குறைய 20 வாரம் வரைக்கும், 12 கிலோ அளவில் தீனி வேண்டும். மேற்சொன்ன 6 ஆண்களையும் அதுவரை வைத்திருந்தால் 72 கிலோ தீனி வீணாகும். ஆகவே ஆண் எது, பெண் எது என்பதை வேளைக்கே அறிவதுதான் இத்தொழிலின் உயிர்நாடி. இதற்கு இயற்கையே வழி செய்து வைத்திருக்கின்றது. குஞ்சுகள் 7, 8 வாரமாகும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தால், பெண் உரத்த குரலில் கத்தும். ஆண் கரகரத்த மெல்லிய ஒலியையே எழுப்பும். ஆணின் வாலிலே மேல்நோக்கிச் சுருளும் சிறகு பின்னரே தோன்றும். அதற்காகக் காத்திருத்தல் நட்டம். தெரிந்தெடுத்த ஓரிரு ஆண்களை நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை இறைச்சிக்கு விற்றுவிட வேண்டும். 5 அல்லது 6 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். மிகையான ஆண்கள் தம்முள் சண்டையிடுவதோடு பெண்களின் கழுத்தையும் முதுகையும் கொத்திப் புண்ணாக்கிவிடும்.

இனத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். முட்டைக்குப் பெயர்பெற்றது காக்கிக் கம்பெல். இங்கிலாந்தின் குளொஸ்டர்சயர் பகுதியிலே அடேல் கம்பெல் என்னும் பெண்மணி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இந்தியன் ரன்னர் முதலிய தாராக்களைக் கலந்து இதனை உருவாக்கினார். இந்தியன் ரன்னர் என்ற பெயரைக் கண்டு அது இந்தியாவிலிருந்து வந்ததென எண்ணுதல் பிழை. அதன் தாயகம் யாவா, பாலி முதலிய தீவுகளே. நன்கு பராமரித்தால் காக்கிக் கம்பெல் ஆண்டொன்றில் 300 முட்டை வரை இடக்கூடியது; வளவிலே வெறுமனே மேயவிட்டால் அத்துணை கிடையாது. ஆனால் இவ்வினம் அடைகிடப்பதில் அக்கறை அற்றது. முகத்திலே சிவந்த முண்டுகளையுடைய மஸ்கோவித் தாரா அமெரிக்க வெப்பவலயத்துக்கு உரியது. அது முட்டை குறைவாக இட்டாலும் அடைகாப்பதில் மிக்க பொறுமையுடையது. மஸ்கோவி ஆணும் சாதாரணத் தாராவும் கூடிப் பிறக்கும் குஞ்சு நன்றாகக் கொழுக்கும், ஆனால் மலடாகிவிடும். இனப்பெருக்கத்துக்கென வளர்ப்போர் இரண்டையும் ஒரே கொட்டிலில் அடைக்கலாகாது.

அடைவைப்பதற்கு 7 நாளுக்கு மேற்படாத, அழுக்கில்லாத, நடுத்தர அளவுள்ள முட்டைகளே ஏற்றவை. பனையோலைக் கடகமொன்றில் சிறிது ஈரமண் இட்டு, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, 8 முதல் 10 முட்டைகளை ஓர் அடைக்கோழியின் கீழ் வைக்கலாம். கோழி முட்டையானால் 12, 13 கொள்ளும். தாரா முட்டை பெரிதாதலால் அவ்வளவு தாங்காது. அதனைப் புரட்டுவதும் கோழிக்குச் சிரமம். ஆதலால் அது தீனிக்கு எழும் வேளையிலே நாளுக்கு இரண்டு முறையேனும் கையால் புரட்டிவிடுதல் நன்று. 7ஆம் நாளளவில் இருட்டறையிலே மின்சூளின் முன் பிடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டையில் சிலந்தி வலைபோல இரத்த நரம்புகள் தெரியும், தெளிந்திருப்பவற்றை நீக்கிவிடலாம். இரண்டாம் பாதியில் வெதுவெதுப்பான நீரை இலேசாகத் தெளித்தல் வேண்டும். கோழிக் குஞ்சு 21 நாளில் வெளிவரும். தாராக் குஞ்சுக்கு 28 நாள். மஸ்கோவிக்கு 35 நாள். அந்த மேலதிக நாட்களில் கோழி மெலிந்து போகும். அதன் அருகிலே தானியமும் நீரும் எப்பொழுதும் இருக்க வேண்டும். இரவல் தாய் என்பதற்காக அதனைப் பட்டினி போடலாமா?

பொரித்த குஞ்சுகள் முதலிற் கண்டு பழகியதையே தாயெனப் பின்தொடரும். இவ்வியல்பை ஆராய்ந்த ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கோழியின் பின்னே சென்ற குஞ்சுகள் நீரைக் கண்டதும் அதனைக் கைவிட்டு இறங்கிவிட, கரையில் நின்று கோழி பதறும் காட்சி பலரும் கண்டதே. வேடிக்கைதான், ஆனால் அதில் ஆபத்தும் உண்டு. தாரா தன் குஞ்சுகளை அணைக்கும்போது அதன் இறகிலுள்ள எண்ணெய் குஞ்சுகளின் மேலும் படியும். கோழி வளர்த்த குஞ்சுக்கு அந்தக் காப்பு இல்லை. நனைந்து குளிர்ந்து இறந்துவிடும். முதல் மூன்று நான்கு வாரமும் அலகும் கண்ணும் நனையுமளவு நீரைத் தாழ்ந்த சட்டியிலே வைத்து, நடுவில் ஒரு கல்லையும் இட்டால் போதும்.

தீனியைப் பொறுத்தவரை அரிசித் தவிடு, குறுநொய், புண்ணாக்கு, மீன் கழிவு, கீரை ஆகியவற்றை நீர்விட்டுப் பிசைந்து கொடுத்தல் வழக்கம். தாராவுக்கு உலர்ந்த மா தொண்டையில் அடைக்கும். ஆகவே தீனிச் சட்டியின் பக்கத்தில் நீர் இல்லாமல் உணவிடலாகாது. மீன் கழிவு மிகுந்தால் முட்டையிலும் அந்த வாடை ஏறும். எல்லாவற்றிலும் முக்கியமானது பூஞ்சணம். மழைக்காலத்தில் ஈரம்பட்டுப் பூத்த கடலைப் புண்ணாக்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் ஒரே வாரத்தில் பட்டி முழுவதையும் இழக்கக்கூடும். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளும், அவற்றோடு பல தாராக் குஞ்சுகளும் மடிந்தன. பழுதான கடலைப் புண்ணாக்கிலிருந்த பூஞ்சண நஞ்சே காரணமென ஆராய்ச்சியிற் தெரியவந்தது. அந்த அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சுக்குத் தாராக் குஞ்சு மிகவும் எளிதில் இரையாவதால், தீனியில் நஞ்சுண்டா எனச் சோதிப்பதற்கே அதனைப் பயன்படுத்தினார்கள் என்றால் வேறு சொல்ல வேண்டியதில்லை. மணம் மாறிய புண்ணாக்கை வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு போகாது. எருக்குழியே அதற்கு உரிய இடம்.

கொட்டில் பெரிதாக வேண்டியதில்லை. கிடுகு வேய்ந்த கூரை, நீர் தேங்காத தரை, நாய், மரநாய், பாம்பு நுழையாத அடைப்பு ஆகியவை போதும். தாரா பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிடும். அதனை 8, 9 மணி வரை அடைத்து வைத்துப் பின்னர் திறந்துவிட வேண்டும்; பொழுது விடியுமுன் படலையைத் திறப்பவரின் முட்டை குளத்தடியிலும் பற்றையிலும் போய்ச் சேரும். சேற்றிலிருந்து பொறுக்கிய முட்டையில் கிருமி இருக்கக்கூடுமாதலால் தாரா முட்டையை எப்போதும் நன்றாக வேகவைத்தே உண்ணல் வேண்டும்.

யாழ்ப்பாணத்திற் குளமும் வாய்க்காலும் அருமை. அங்கே கிணற்றடித் தொட்டி நீரே தாராவுக்குப் போதுமானது. அவ்வழுக்கு நீரை வாழைக்குத் திருப்பினால் நல்ல பசளையுமாகும். ஆயின் சுண்ணாம்புக்கல் நிலத்திலே மேலே தேங்கும் அழுக்கு விரைந்து கீழிறங்கிக் குடிநீரைக் கெடுக்கும். தாராத் தொட்டியும் கொட்டிலும் கிணற்றை விட்டு வளவின் மறு எல்லையிலே இருத்தல் வேண்டும். இடம் போதாத சிறு வளவாயின் தாராவை விடுத்துக் கோழி வளர்ப்பதே மேல்.

வயலுள்ளோருக்கு வேறொரு நன்மையும் உண்டு. நாற்று வேரூன்றிய பின் இளம் தாராக்களை விட்டால் களையையும் பூச்சியையும் நத்தையையும் தின்னும். கதிர் வெளிவந்ததும் அவற்றை வெளியேற்றிவிட வேண்டும். ஜப்பானில் தக்காவோ ஃபுரூனோ என்னும் கமக்காரர் 1988 முதல் இம்முறையைக் கையாண்டு பலருக்கும் கற்பித்தார். அருவி வெட்டிய வயலிலே உதிர்ந்த நெல்லும் தாராவுக்கு இலவசத் தீனி. ஆனால் கிருமிநாசினி தெளித்த வயலின் அருகே அதனை விடுவது, கையிலிருக்கும் பணத்தை நெருப்பிலிடுவதை ஒக்கும்.

தாராவுக்குக் கோழியைவிட நோய் குறைவு என்பது உண்மையே. எனினும் தாராக் கொள்ளைநோய் வந்தால் பட்டி நிற்காது. பறவைக் காய்ச்சலையோ தாரா நோய்க்குறி காட்டாமலே சுமந்து கோழிக்குக் கொடுக்கவுங் கூடும். காரணமின்றி இரண்டு மூன்று ஒரே நாளில் இறந்தால், எஞ்சியவற்றை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவிப்பதே முறை.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தாரா முட்டையை எல்லா வீட்டாரும் வாங்கமாட்டார். ஆகையால் வாங்குவோர் யாரென முன்னரே கேட்டறிந்த பிறகுதான் தொகையைப் பெருக்க வேண்டும். ஒரு மாதக் குஞ்சுக்கு, அன்று பொரித்த குஞ்சிலும் நல்ல விலை உண்டு. ஏனெனில் இறக்கும் பருவத்தை அது கடந்துவிட்டது. முட்டையிடத் தொடங்கும் தாராவுக்கு அதனிலும் கூடிய விலை கிடைக்கும், அதன் தீனிச் செலவும் அவ்வாறே கூடியது. எது இலாபமென்பது அந்தந்த ஊர்த் தவிட்டின் விலையைப் பொறுத்தது. தீனிக்குச் செலவிட்டதையும் விற்று வந்ததையும் பிள்ளையின் பழைய கொப்பியிலே நாள்தோறும் குறித்து வந்தால் ஆறு மாதத்தில் விடை தெரியும்.

வாங்கும் வீட்டார் மறுமுறையும் தேடி வருவதற்குக் குஞ்சு திடமாயிருக்க வேண்டும். ஒரே வளவிற் பிறந்தவை தம்முள் கூடிப் பெருகினால் பொரிப்பும் வளர்ச்சியும் குன்றும். ஆண்டுக்கொருமுறை ஆண் தாராவைத் தூரத்து ஊரிலுள்ள இன்னொரு வளர்ப்பாளரின் ஆணோடு மாற்றிக்கொள்ளலாம். புதிதாய் வந்ததை இரண்டு வாரம் தனியே அடைத்து, நோய் இல்லையெனக் கண்ட பின்னரே பட்டியிற் சேர்க்க வேண்டும்.