ஏஜென்ட் அனுப்பிய 'கோட்' வரி... அது டிக்கெட்தானா? படிப்பது எப்படி?

துபாய் கிளம்பும் ஒருவருக்கு டிராவல் ஏஜென்ட்டிடம் இருந்து வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது. திறந்து பார்த்தால், புரியாத எழுத்துகளும் எண்களுமாக ஒரே ஒரு வரி. "கன்ஃபார்ம் ஆயிடுச்சு, பணத்தை அனுப்புங்க" என்கிறார் ஏஜென்ட். உண்மையிலேயே கன்ஃபார்ம் ஆயிடுச்சா?

எங்கிருந்து வருது இந்த வரி?

அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் போன்ற முன்பதிவு அமைப்புகளில்தான் ஏஜென்ட்கள் விமான சீட்டைப் பதிவு செய்கிறார்கள். கணினி நினைவகம் மிகக் குறைவாக இருந்த 1960களில் தொடங்கிய முறை என்பதால், எல்லாமே சுருக்கக் குறியீடுகள். அந்தப் பதிவுக்குப் பெயர்தான் பி.என்.ஆர். அதன் அடையாளம் ஆறு இலக்க எழுத்து, எண் கலவை.

ஒரு வரியில் என்னென்ன இருக்கு?

முதலில் விமான நிறுவனத்தின் இரண்டு இலக்கக் குறியீடு. ஏர் இந்தியாவுக்கு ஏ.ஐ., எமிரேட்ஸுக்கு இ.கே., இண்டிகோவுக்கு 6இ. அதை ஒட்டி விமான எண், கட்டண வகுப்பைக் குறிக்கும் ஓர் எழுத்து, பயணத் தேதி. அடுத்து விமான நிலையங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., துபாய்க்கு டி.எக்ஸ்.பி. கடைசியில் சீட்டின் நிலை, புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம்.

உதாரணத்துக்கு, சென்னை - துபாய் வரியில் '12 ஜன, எச்.கே.1, 2130, 0020+1' என்று இருந்தால்: ஜனவரி 12 இரவு 9.30-க்குப் புறப்பட்டு, மறுநாள் நள்ளிரவு 12.20-க்கு துபாயில் இறங்கும். '+1' என்றால் மறுநாள். மூணு மணி நேரத்துக்குள்ள துபாயா? இல்லை. நேரங்கள் அந்தந்த ஊர் கடிகாரப்படி போடப்படும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், உண்மையான பயண நேரம் 4 மணி 20 நிமிடம்.

தேதியில் உஷார்!

'12 ஜன 0130' என்றால் 12ஆம் தேதி அதிகாலை 1.30. அதாவது 11ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 12ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால், விமானம் எப்போதோ கிளம்பியிருக்கும்.

எச்.கே. வந்தால் போதுமா?

போதாது. எச்.கே. என்றால் சீட் உறுதி, பக்கத்தில் உள்ள எண் எத்தனை சீட் என்பதைக் காட்டும். எச்.எல். என்றால் வெயிட்டிங் லிஸ்ட். டி.கே. என்றால் விமான நேரம் மாறியிருக்கிறது. யு.என். என்றால் அந்த விமானத்தில் இடம் தர முடியாது என்று அர்த்தம்.

ஆனால் சீட்டைப் பிடித்து வைப்பது வேறு, டிக்கெட் போடுவது வேறு. பணம் கட்டாமலேயே ஏஜென்ட் சீட்டைச் சில மணி நேரமோ சில நாளோ பிடித்து வைக்க முடியும். கெடுவுக்குள் டிக்கெட் போடாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். டிக்கெட் போட்டதற்கு அடையாளம் 13 இலக்க டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176. சில பட்ஜெட் நிறுவனங்களில் மட்டும் இந்த எண் இருக்காது.

மாற்றித் தரும் தளங்களை நம்பலாமா?

இந்த வரியை ஒட்டினால் ஊர் பெயர், தேதி, நேரத்தோடு அழகான பயணத் திட்டமாக மாற்றித் தரும் இணையக் கருவிகள் உண்டு. அவை குறியீட்டைப் பெயராக மாற்றும், அவ்வளவுதான். டிக்கெட் இருக்கா, இல்லையா என்று சரிபார்க்காது. அழகான பி.டி.எஃப். கையில் இருப்பதாலேயே டிக்கெட் உறுதி என்று ஆகிவிடாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. பி.என்.ஆர்., குடும்பப் பெயர் இரண்டும் தெரிந்தாலே பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் பதிவைத் திறக்கலாம். எனவே பெயர், போன், பாஸ்போர்ட் விவரங்களை நீக்கிவிட்டு, விமான வரியை மட்டும் ஒட்டுங்கள்.

என்ன செய்யணும்?

முழுப் பணத்தையும் கொடுக்கும் முன், விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். எண்ணை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். ஏஜென்ட்டின் கணினியில் உள்ள எண் வேறாக இருக்கலாம், அதைப் போட்டால் நிறுவனத்தின் தளத்தில் பதிவு திறக்காது. சரியான எண்ணை நீங்களே அந்தத் தளத்தில் போட்டு, பெயர், தேதி, டிக்கெட் நிலை மூன்றையும் பாருங்கள். ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனால், ஏர்போர்ட் வாசலில் 'டிக்கெட்டே போடலையே' என்று கேட்கும் நிலை வராது.