முதுமைக்கு யார் துணை? - 9: காலை எட்டு மணிக்கு யார் வருவார்?

சென்ற வாரம் ஜப்பானின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைப் பார்த்தோம். நாற்பது வயதைத் தொட்டவர்கள் எல்லோரும் சந்தா கட்டி, முதுமைச் செலவைப் பொதுச்செலவாக்கிய ஏற்பாடு அது. இந்த வாரம் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளாமலே கொரோனாவிடம் மாட்டிக்கொண்ட இங்கிலாந்துக்குப் போவோம்.

மருத்துவத்தில் பேர்பெற்ற நாடுதான். 1948 முதல் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. இதயத்தைத் திறந்து அறுவை செய்தாலும் நோயாளி கைக்காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் அதே மனிதருக்கு மறதி நோய் வந்து, குளிக்கவும் உடுத்தவும் ஆள் துணை தேவைப்பட்டால் கதை வேறு. அது 'சமூகப் பராமரிப்பு'. உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் உதவி. 23,250 பவுண்டுக்கு மேல் வைத்திருப்பவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். 2010க்குப் பிறகு இந்த வரம்பு உயரவே இல்லை. முதியோர் இல்லத்தில் சேர்ந்தால், கணவனோ மனைவியோ வீட்டில் இல்லாத பட்சத்தில், வீட்டின் மதிப்பும் கணக்கில் சேரும். ஆயுசுக்கும் உழைத்து வாங்கிய வீட்டை விற்றுக் கட்டணம் கட்டுகிறவர்கள் அங்கே ஏராளம்.

பெருந்தொற்று வந்தபோது இந்த இரட்டை நீதி உயிரோடு விளையாடியது. 2020 மார்ச் 17 அன்று, படுக்கைகளைக் காலி செய்யும்படி மருத்துவமனைகளுக்கு உத்தரவு போனது. அன்றிலிருந்து ஏப்ரல் 15 வரை சுமார் 25,000 பேர் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லோருக்கும் பரிசோதனை செய்தாக வேண்டும் என்ற விதி அந்தக் காலகட்டத்தின் கடைசி நாளில்தான் வந்தது. அறிகுறி இல்லாதவர்களும் தொற்றைப் பரப்பக்கூடும் என்ற ஆபத்தைக் கணக்கில் எடுக்காமல் முதியவர்களை அனுப்பியது சட்டவிரோதம் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள், இல்லங்களில் தந்தையைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள். 2020 ஏப்ரல் முதல் ஓராண்டில் மட்டும் இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லவாசிகளில் 39,000க்கும் மேற்பட்டோர் கொரோனாவோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பெற்ற பிள்ளைகளைக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப்புறம் வைத்துப் பார்த்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மீட்புத் திட்டம் வந்தாக வேண்டுமே, வந்தது.

திட்டம் யாருக்கு?

2021 செப்டம்பர் 7 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தார். தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 1.25 சதவீதப் புள்ளி உயரும்; மூன்று ஆண்டுகளில் 3,600 கோடி பவுண்டு கிடைக்கும்; வாழ்நாளில் ஒருவர் தம் பராமரிப்புக்குக் கைப்பணமாகச் செலவிடுவது 86,000 பவுண்டைத் தாண்டாது, மிச்சத்தை அரசு பார்த்துக்கொள்ளும்.

கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 3,600 கோடியில் சமூகப் பராமரிப்புக்கு 540 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்கு. அந்த 540 கோடியிலும் 360 கோடி, செலவு வரம்பையும் கட்டணச் சீரமைப்பையும் நிறைவேற்ற உள்ளாட்சிகளுக்கு. மற்ற எல்லாவற்றுக்கும் சுமார் 170 கோடி. அதற்குள் ஊழியர்களுக்கென்று 50 கோடி. 2023 ஏப்ரலில் அதையும் 25 கோடியாக வெட்டினார்கள்.

அதாவது, வீட்டை விற்க வேண்டிவருமோ என்று பயந்த நடுத்தர வர்க்கத்தின் கேள்விக்குத் திட்டம் முதலில் பதில் சொன்னது. குளிப்பாட்ட யார் வருவார் என்ற கேள்வி வரிசையின் கடைசியில் நின்றது.

பதினைந்து நிமிடம்

வருகிறவர் என்ன செய்கிறார் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். காலை எட்டு மணி. வாசல் சுவரில் சின்னச் சாவிப் பெட்டி. எண்களை அழுத்திச் சாவியை எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே உள்ளே போகிறார் பராமரிப்பாளர். கைப்பேசியில் வந்த நேரத்தைப் பதிகிறார். படுக்கையில் இருப்பவரை எழுப்பி உட்காரவைக்க வேண்டும். இரவில் நனைந்ததை மாற்ற வேண்டும். முகம் கழுவி, உடுத்தி, அட்டையில் கிழமைவாரியாக அடைத்த மாத்திரையைக் கொடுத்து, அது தொண்டைக்குள் இறங்கிற்றா என்று பார்க்க வேண்டும். பிறகு தேநீர், ரொட்டி. சில இடங்களில் இத்தனைக்கும் ஒதுக்கும் நேரம் பதினைந்து நிமிடம். பெரியவர் பேச்சுத் துணைக்கு ஏங்கி ஒரு பழங்கதையைத் தொடங்கினால் அடுத்த வீடு தாமதமாகிவிடும். வீட்டுக்கு வீடு போகும் நேரத்துக்குப் பல நிறுவனங்களில் தனிச் சம்பளம் இல்லை. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை உண்டு என்ற உறுதியும் பலருக்கு இல்லை.

இதைவிடக் கூடுதலாகச் சூப்பர் மார்க்கெட்டில் சம்பளம் கிடைத்தால் யார்தான் தங்குவார்? களைத்துப்போயிருந்தவர்களில் பலர் கிளம்பினார்கள். 2021 நவம்பரில் இல்ல ஊழியர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியதில் இன்னும் சிலர் போனார்கள். நான்கே மாதத்தில் அந்த விதியை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. போனவர்களைத் திரும்பப் பெற முடியவில்லை. 2021-22இல் காலிப் பணியிடங்கள் 1,65,000. பத்தில் ஒரு இடத்துக்கு ஆளில்லை. மதிப்பீட்டுக்கோ உதவிக்கோ காத்திருந்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். வீட்டில் கவனிக்க ஆள் இல்லாததால் குணமானவர்களும் மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்தார்கள். எந்தப் படுக்கைகளைக் காலி செய்ய 2020இல் அவசரப்பட்டார்களோ, அவை காலியாகாததற்கு ஆள் பஞ்சமும் காரணம்.

இரவல் கைகள்

சம்பளத்தை உயர்த்துவதைவிட விசா கொடுப்பது அரசுக்கு எளிதாகப் பட்டது. 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு விசா வழி திறந்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். 2023-24இல் மட்டும் வெளிநாட்டிலிருந்து சுமார் 1,05,000 பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போய், சொன்ன வேலை இல்லாமல் நின்றவர்களும் அவர்களில் உண்டு. முறைகேடுகளால் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கும் உரிமத்தை இழந்தன. 2024 மார்ச் முதல் குடும்பத்தை அழைத்துவரத் தடை. 2025 ஜூலையில் புதிதாக வெளிநாட்டு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, அந்தச் செலவு வரம்பாவது வந்ததா? வரி உயர்வு 2022 நவம்பரில் ரத்து. வரம்பு 2025க்குத் தள்ளிவைப்பு. 2024 ஜூலையில் புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதையும் கைவிட்டார். சொத்துக்கும் வேலி இல்லை, ஆளும் இல்லை. இப்போது லூயிஸ் கேசி தலைமையில் ஓர் ஆணையம். இறுதி அறிக்கைக்கு 2028 வரை அவகாசம். செலவு வரம்பை முதலில் பரிந்துரைத்த டில்னாட் ஆணையத்தின் அறிக்கை 2011இலேயே வந்துவிட்டது என்பதை நினைத்தால், அங்கே பஞ்சம் அறிக்கைக்கு அல்ல என்று தெரியும்.

மீட்புத் திட்டம் போடுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசைமுறையைத்தான். முதலில் பராமரிப்பாளரின் சம்பளம், பயண நேரம், பணி உறுதி. அடுத்து, வீட்டில் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் மகள்களுக்கும் மனைவிகளுக்கும் கணவர்களுக்கும் ஓய்வு. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்டவர்கள் 50 லட்சம். செலவை யார் பகிர்வது என்ற பேரம் அவசியம்தான். ஆனால் அது முடியட்டும் என்று காத்திருந்தால், கட்டணம் கட்டத் தயாராக இருப்பவர் வீட்டுக்கும் காலை எட்டு மணிக்கு ஆள் வராது.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது ஒரு வழி. ஊர்க்காரர்களே முறை வைத்துப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வழி ஒன்றும் நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில் வேர்பிடித்திருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் எங்கே ஜெயித்தது, எங்கே மூச்சு வாங்குகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)